காந்தாரி மிளகாய் தலை நிமிர்ந்த கதை

செடிக்கும் கொடிக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில் காந்தாரி மிளகாய் இனித்தது. சிரிக்காதீர்கள். இன்றைக்கு விரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே, கடித்தால் காதுக்குள் இரைச்சல் கேட்கிறதே, அதே மிளகாய்தான். அப்போது அது கத்தரிக்காய் அளவுக்குப் பருத்து, தரையைப் பார்த்துத் தொங்கும். பழுத்தால் செக்கச்செவேலென்று இருக்கும். தோல் மெல்லிசு, சதை இனிப்பு, உள்ளே இருக்கும் விதை மட்டும் எள்ளைப் போலக் கடிபடும். தவழ்கிற குழந்தைக்குக்கூட எட்டும் உயரத்தில்தான் காய்த்தது.

எல்லார் கைக்கும் எட்டுகிற மாதிரி காய்ப்பது நல்ல குணம் என்றுதான் ஊரும் நினைத்தது. ‘தங்கமான செடி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாது’ என்று பாராட்டியது. தங்கமானவர்களை ஊர் என்ன செய்யும் என்பது தெரிந்த விஷயம்தானே. குனியக் குனியக் குட்டியது.

ஆடு தின்றது. குரங்கு தின்றது. அணிலும் எலியும் முறை வைத்துத் தின்றன. மனிதர்கள் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டார்கள், வழியில் போகும்போது பறித்துக் கடித்துக்கொண்டே போனார்கள். வாயில் பல் இருக்கிற எல்லாமே தின்றது. தின்றதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மென்றது. ஒரு பழத்துக்குள் இருக்கிற விதை அத்தனையும் அந்தச் செடியின் பிள்ளைகள். கடைவாய்ப் பல்லுக்கு நடுவே நொறுங்கிய பிள்ளை எந்த மண்ணில் போய் முளைக்கும்? மாம்பழம் தின்றால் கொட்டையைப் போடுகிறோம். பலாப்பழம் தின்றால் கொட்டையைத் தனியாக எடுத்துவைக்கிறோம். இந்தச் செடியின் விதைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. சின்னதாக இருந்தால் இளப்பம், வேறென்ன.

இப்படியே போய், மலையடிவாரம் முழுக்கக் கிடந்த மிளகாய்ச் செடிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தன. கடைசியில் ஒரே ஒரு செடி மிஞ்சியது. அது உலகம்மை வீட்டு அடுக்களைக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் நின்றது.

உலகம்மையின் புருஷன் தேன் எடுக்க மலைக்குப் போனவன், பாறையிலிருந்து வழுக்கி விழுந்து செத்துப்போனான். பிள்ளை கிடையாது. புருஷனுடைய அண்ணன் பூதப்பன்தான் ஊருக்குத் தலைவன். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவை நடத்துகிறவனும் அவன்தான். தம்பி செத்ததும், ‘வயலை நான் பாத்துக்கிடுதேன்’ என்றான். பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான். வயல் திரும்பி வரவில்லை. அவளுக்கு மிச்சம் அந்தச் சின்ன வீடும் பின்னால் இருந்த துண்டு நிலமும்.

பூதப்பனுக்கு ஒரு கொள்கை இருந்தது. தம்பி வீட்டில் எதையும் கேட்டு வாங்கக் கூடாது. கேட்டு வாங்கினால் அது உலகம்மையின் பொருள் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கேட்காமல் எடுத்தால் குடும்பத்துப் பொருள். ஆகவே முருங்கைக்காய், வாழைத்தார், கோழி முட்டை என்று கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு, “எடுத்துக்கிட்டேன் பிள்ளே” என்று சொல்லிவிட்டுப் போவான். அந்த ஒரு வார்த்தை சொன்னதையே பெரிய பெருந்தன்மை என்று நினைத்தான். இப்படிப்பட்டவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் காலையில் உலகம்மை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். செடி அவளைக் கூப்பிட்டது.

“உலகம்மே, உனக்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தா என்ன பேரு வச்சிருப்பே?”

“இப்ப என்னத்துக்கு அந்தப் பேச்சு?”

“கேக்கேன்லா, சொல்லேன்.”

“யோசிச்சதில்ல” என்றாள் உலகம்மை. பொய். பலமுறை யோசித்திருக்கிறாள்.

செடி, “எனக்குப் பிறந்த பிள்ளைகளுக்குக் கணக்கே கிடையாது. ஒண்ணுகூட மண்ணைத் தொடல்ல. எல்லாம் வாயோட போச்சு. உன் வாயோட போனதும் உண்டு” என்றது.

உலகம்மை கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். நேற்று இரவு கஞ்சிக்குக்கூட ஒரு பழத்தைக் கடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. “தெரியாமத் தின்னுட்டேன்” என்றாள்.

“தெரிஞ்சவங்க மட்டும் விட்டாங்களா? போகட்டும். இந்தப் பருவத்தோட என் தண்டு காஞ்சிரும். நானாக்கும் கடைசி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு பிள்ளையாவது முளைக்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணித் தருவியா?”

உலகம்மை உடனே எழுந்து போய் வாழைநார் கிழித்துக்கொண்டு வந்தாள். நல்ல காய்கள் தொங்கிய ஒரு கொப்பைப் பார்த்து நாரைக் கட்டினாள். அந்தப் பக்கத்தில் வெள்ளரியோ பூசணியோ, எதுவாக இருந்தாலும் விதைக்கு விட்டதென்றால் நார் கட்டிவிடுவார்கள். நார் கட்டியதை யாரும் தொட மாட்டார்கள். திருடனே தொட மாட்டான். விதைக்காயில் கை வைத்தவன் வீட்டில் அடுப்பு எரியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

“காய் செடியிலேயே பழுத்துச் சுருங்கட்டும். நான் விதையை எடுத்துச் சாம்பல்ல புரட்டி, சுரைக்குடுக்கையில போட்டு, அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிடுதேன். சாரல் பிடிச்சதும் விதைப்பேன். ஒரு எலிகூட கிட்ட வராது. போதுமா?”

“நீ சொன்னாப் போதும்” என்றது செடி.

அதிலிருந்து உலகம்மை அந்தப் பழத்தை வாயில் வைக்கவில்லை. வெறும் உப்பைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடித்தாள். குரங்கு வந்தால் கல்லெறிந்தாள். ஆடு வந்தால் முள்ளை வெட்டி அடைத்தாள். வேலியில் ஒரு கொண்டைக்குருவி வந்து உட்காரும். பழத்தின் ஓரத்தை ஒரு கொத்து கொத்திப் பார்க்கும். ‘வாய்க்கு அடங்க மாட்டேங்குதே’ என்று சலித்துக்கொண்டு போய்விடும். அதை மட்டும் அவள் விரட்டவில்லை. பாவம், அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று விட்டுவிட்டாள்.

நார் கட்டிய கொப்பில் காய்கள் பழுத்துச் சுருங்கத் தொடங்கிய சமயத்தில் அம்மன் கோவில் கொடை வந்தது. பூதப்பன் இரண்டு ஆட்களோடு பனையோலைக் கடவப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உலகம்மை வீட்டுப் பின்புறத்துக்கு நேராக வந்தான். வாசல் வழியாக வருகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

கொடைக்கு என்று உலகம்மை முன்பே பறித்துவைத்திருந்தாள். மற்ற கொப்புகளில் இருந்த பழங்களை எல்லாம் மனசாரக் கொடுத்தாள். செடியும் தடுக்கவில்லை. பெட்டி நிறைந்தது. போயிருக்கலாம் இல்லையா? பூதப்பன் போகவில்லை. செடியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

“அது என்ன பிள்ளே நாரு?”

“விதைக்கு விட்டிருக்கேன் அத்தான். இந்தச் செடிக்கு வேற வாரிசு கிடையாது.”

“அம்மனுக்கு மிஞ்சின வாரிசா?”

“அம்மனுக்குக் குடுத்தாச்சுல்லா. பெட்டி தளும்புதே.”

“பந்திக்கு ஆளு கூடிப் போச்சு. ஒரு கொப்புல என்ன ஆகப் போகுது?”

சொல்லிக்கொண்டே நாரை அறுத்து எறிந்தான். கூட வந்த ஆட்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நார் கட்டியதைத் தொட்டு அவர்களுக்குப் பழக்கம் இல்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. உலகம்மை குறுக்கே பாய்ந்து, அந்தக் கொப்பில் இருந்த பழங்களைத் தானே பறித்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

“ஒண்ணே ஒண்ணு விடுங்க அத்தான். ஒண்ணு போதும்.”

அப்போது செடியே வாய் திறந்தது. “பூதப்பா, உனக்கு இத்தனை வருஷம் காய்ச்சிருக்கேன். ஒரு பிள்ளையை விட்டுட்டுப் போ.”

பூதப்பன் செடியைத் திரும்பிப் பார்த்தான். “காய்க்கதுதான் உன் வேலை. பேசுகது இல்ல” என்றான்.

பிறகு உலகம்மையின் கையைப் பிடித்து, விரல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழங்களைப் பிடுங்கினான். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. பிடுங்கிய பழங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் வழக்கம்போல, “எடுத்துக்கிட்டேன் பிள்ளே” என்றான்.

உலகம்மை பின்னாலேயே ஓடினாள். கோவிலுக்குப் பக்கத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுச் சமையல் நடந்துகொண்டிருந்தது. பெரிய அம்மியில் அந்தப் பழங்களையும் தேங்காயையும் உப்பையும் வைத்துத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மை அம்மிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“சதையெல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்க. விதையை மட்டும் வழிச்சுத் தாங்க. ஒரு பிடி. உங்களுக்குப் புண்ணியமா இருக்கும்.”

அரைத்துக்கொண்டிருந்த பெண் குழவியை நிறுத்தினாள். அவள் நிறுத்தினாள் என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஆனால் பூதப்பன் பந்தல் வாசலில் நின்று, “விதையோட அரைச்சாத்தாம்மா வாய்க்கு நல்லாருக்கும். நிக்காம அரை” என்றான். குழவி மறுபடியும் உருண்டது. நொறுங்கும் சத்தம் உலகம்மைக்குக் கேட்டது.

பந்தியில் ஊரே உட்கார்ந்திருந்தது. துவையல் பிரமாதம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்றார்கள். உலகம்மை அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்தவர்கள், “வா மைனி, நீயும் ஒரு இலையில உக்காரு” என்று அன்பாகக் கூப்பிட்டார்கள். அந்தப் பந்தியில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான். ஒரு கெட்டவன் பிடுங்கினான். நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்து மென்றார்கள். ஒருவர்கூட வாயை நிறுத்தி, ‘இது விதைக்கு விட்டதாமே’ என்று கேட்கவில்லை.

உலகம்மை இலையில் உட்காரவில்லை. வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் அழுகை நின்றுவிட்டது. அது நின்ற இடத்தில் கோபம் வந்தது. வயலை எடுத்தபோது வராத கோபம், வாழைத்தாரை வெட்டியபோது வராத கோபம், எல்லாம் வட்டியோடு வந்தது.

 பந்தியில் மென்ற சத்தம் செடிக்கும் கேட்டிருந்தது. அதன் உச்சியில் தாமதமாக வந்த பூக்கள் மட்டும் மிச்சம் இருந்தன. கீழ் இலைகள் மஞ்சளாகிவிட்டன.

“உலகம்மே, அடுப்புல நெருப்பு கிடக்கா?”

“கிடக்கு.”

“கங்கெல்லாம் வாரிக்கிட்டு வந்து என் வேர்ல கொட்டு.”

“கிறுக்கு பிடிச்சிட்டா உனக்கு? கருகிச் செத்துருவே.”

“சாகத்தானே போறேன். பிள்ளை இல்லாம வாடிச் சாகதுக்கு நெருப்பைக் குடிச்சுட்டுச் சாகுதேன். இனிப்பா இருந்தேன், மென்னான். கெஞ்சினேன், மென்னான். குனிஞ்சு காய்ச்சேன், அவனுக்குப் பறிக்கச் சவுரியமாப் போச்சு. இனி ஒருத்தன் என் பிள்ளையைப் பல்லுல வச்சா அவனுக்கு மண்டை வரைக்கும் எரியணும். நீ நெருப்பைக் கொண்டு வா.”

வேறொரு நாளாக இருந்தால் உலகம்மை மறுத்திருப்பாள். அன்றைக்கு அவளுடைய கோபமும் செடியின் கோபமும் ஒரே அளவில் இருந்தன. அவள் அடுக்களைக்குள் போனாள். அடுப்பில் கிடந்த கங்கை எல்லாம் ஓட்டில் வாரினாள். செடியைச் சுற்றி மண்ணைப் பறித்து, வேர் தெரிந்ததும் நெருப்பைக் கொட்டி, மேலே சாம்பலைப் போட்டு மூடினாள்.

செடி அலறியது. அது போட்ட சத்தத்தில் வேலியில் இருந்த குருவி எழும்பிப் பறந்தது. இலைகள் சுருண்டு சின்னதாகிப் போயின. தண்டு மரம் மாதிரி இறுகியது. ஆனாலும் செடி சாகவில்லை. வேர் நெருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி மேலே அனுப்பியது. தண்டுக்குப் போனது, கொப்புக்குப் போனது, கடைசியில் உச்சிப் பூக்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பூக்களில் காய் பிடித்தது. முன்பு காய்த்த காய் மாதிரி இல்லை. நகம் அளவுக்குத்தான் இருந்தது. அதுவும் பழைய பழக்கத்தில் தரையைப் பார்த்துத் தொங்கப் போனது. செடி ஒரு அதட்டு அதட்டியது.

“குனியாதிய! ஒருத்தரும் குனியப்பிடாது! தலையைத் தூக்குங்க!”

காய்கள் எல்லாம் வெடுக்கென்று நிமிர்ந்து வானத்தைப் பார்த்தன. அடுப்பு நெருப்பு காய்ப்புக்கும் அவசரம் கொடுத்தது போலிருக்கிறது. கொடை முடிந்து எட்டாம் நாள் பூசை வருவதற்குள் அத்தனையும் பழுத்துச் சிவந்துவிட்டன.

பழைய கொண்டைக்குருவி மறுபடியும் வேலியில் வந்து உட்கார்ந்தது. செடி இந்த முறை தானாகவே அதைக் கூப்பிட்டது.

“ஏ குருவி, உனக்குப் பல் உண்டா?”

“என்ன கேள்வி இது? எங்க வம்சத்துலேயே யாருக்கும் பல் கிடையாது.”

“அப்ப வா. உன் அலகுக்கு அளவாத்தான் காய்ச்சிருக்கேன். கடிக்காதே, நசுக்காதே. அப்படியே முழுங்கு.”

“நெருப்பைக் குடிச்சிருக்கியே. எனக்குச் சுடுமா?”

“உன் வாய்க்குச் சுடாது. நான் வாக்குத் தாரேன். ஆனா உள்ள போன என் பிள்ளைகளை நீ போற இடத்துல எல்லாம் விட்டுட்டுப் போகணும்.”

குருவி கெக்கெக்கென்று சிரித்தது. “விடுகதுக்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்” என்றது. ஒரு பழத்தை முழுங்கிப் பார்த்தது. சுடவில்லை. அடுத்ததை முழுங்கியது. தன் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. செடி சொன்ன வாக்கைக் காப்பாற்றியது, குருவியின் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற இடத்தைப் பற்றி செடி எதுவும் சொல்லவில்லை, குருவியும் கேட்கவில்லை. கொண்டைக்குருவியின் வாலுக்கு அடியில் பாருங்கள், இன்றும் செக்கச்செவேலென்று சிவந்திருக்கும்.

எட்டாம் நாள் பூசைக்குப் பூதப்பன் மறுபடியும் பின்பக்கமாக வந்தான். பூசைச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டுப் பின்னால் பலபேர் வந்திருந்தார்கள். உச்சியில் சிவந்து நின்ற பழங்களைப் பார்த்ததும் அவனுக்குக் கண் விரிந்தது.

“காய்ச்சிருக்கே! பொடியா இருந்தாலும் ஏகப்பட்டது இருக்கே!”

உலகம்மை அடுக்களை வாசலில் நின்றாள். “அத்தான், இந்தத் தடவ கேட்டு வாங்குங்க” என்றாள்.

“எங்க தம்பி வீட்டுல நான் கேக்கணுமா?”

“கேட்டா ஒரு வார்த்தை சொல்லுவேன். அதைக் கேட்டுட்டு எடுங்க.”

பூதப்பன் காதில் வாங்கவில்லை. ஒரு கொத்தை உருவி, அப்படியே வாயில் போட்டு, பழைய பழக்கத்தில் நன்றாக மென்றான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்பதற்குத்தான் அவன் நாக்கு வளையவில்லையே.

முதலில் அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண் இரண்டும் பிதுங்கின. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. பாத்திரம் கழுவ வைத்திருந்த தண்ணீர்ப் பானையில் முகத்தைக் கவிழ்த்தான். தண்ணீர் பட்டதும் எரிச்சல் தொண்டை வரைக்கும் இறங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியதும் பழம் உருவிய அதே கையால் கண்ணைக் கசக்கினான். அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்க வேண்டாம். ஊர்த்தலைவன் மண்ணில் உருண்டான் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அவனைப் பார்த்து, அப்படி என்னதான் இருக்கிறது என்று வாயில் போட்டவர்களும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பல்லெல்லாம் விழுந்த ஒரு பெரியவர், பல் உள்ளவர்களுக்குத்தான் எரியும் என்று குருவிகள் பேசிக்கொண்டதைக் கேட்டு, நமக்குச் சலுகை உண்டு என்று தைரியமாக ஒன்றை ஈறில் வைத்து நசுக்கினார். அவரையும் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

பேச்சு வந்ததும் பூதப்பன் சொன்ன முதல் வார்த்தை, “வெட்டுங்கலே!”

யாரும் அசையவில்லை. அவனே ஒருவன் இடுப்பிலிருந்த அரிவாளைப் பிடுங்கினான். உலகம்மை செடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“விலகு உலகம்மே” என்றது செடி. “என் பிள்ளைகள் போயாச்சு. இங்க இனி விறகுதான் நிக்குது. வெட்டட்டும்.”

பூதப்பன் வெட்டினான். வேரோடு பிடுங்கி எறிந்தான். ‘தொலைந்தது’ என்று கையைத் தட்டிக்கொண்டு போனான். வெட்டிய கை அன்று முழுவதும் எரிந்தது.

உலகம்மை சாரலுக்காகக் காத்திருந்தாள். குருவி வாக்கைக் காப்பாற்றியதா என்று அவளுக்குத் தெரியாது. விதை மண்ணைத் தொட்டதா, பாறையில் விழுந்து காய்ந்ததா, யார் கண்டார்கள்? சாரல் வந்தது. நாலு நாள் நின்று பெய்தது. வெயில் அடித்த காலையில் அவள் வேலிப்பக்கம் போனாள். குருவி உட்காரும் கிளைக்குக் கீழே, அடர்த்தியாக, பச்சைப் பசேலென்று முளைத்திருந்தது.

அங்கே மட்டும் இல்லை. ஆற்றங்கரையில் முளைத்தது. தென்னைமரத்தடியில் முளைத்தது. கோவில் மதில் வெடிப்பில் முளைத்தது. பூதப்பனுடைய மாட்டுத் தொழுவத்துக் கூரை விளிம்பில்கூட முளைத்தது. அவன் தன் வீட்டுப் பக்கம் வந்ததை எல்லாம் ஆள் வைத்துப் பிடுங்கினான். பிடுங்கியவன் எல்லாம் கையை உதறிக்கொண்டு திரிந்தான்.

உலகம்மை வேலியோரம் உட்கார்ந்து அந்த நாற்றுகளைக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு நாற்றும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த மிளகாய்ச் செடியும் பேசியதில்லை. பேச வேண்டியதை எல்லாம் காயிலேயே வைத்துவிட்டது.

அந்த நாற்றுகள் வளர்ந்து காய்த்ததும் அவள் ஒரே ஒரு மிளகாயைக் கிள்ளினாள். ஒன்றுக்கு மேல் கிள்ளக் கூடாது என்று அவளாகவே வைத்துக்கொண்டாள். இரண்டு சின்ன உள்ளி, ஒரு கல் உப்பு, அந்த ஒரு மிளகாய், எல்லாவற்றையும் கல்லில் வைத்து நசுக்கினாள். மேலே கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டாள். அவித்த கிழங்கைத் தொட்டு வாயில் வைத்தாள். எரிந்தது. கண்ணீர் வந்தது. ஆனாலும் கை மறுபடியும் கிழங்கை எடுத்தது.

மனிதர்கள் விசித்திரமான பிறவிகள். மண்டை வரை எரிந்தால் ஓடிவிடுவார்கள் என்று செடி கணக்குப் போட்டது. ஓடினார்கள்தான். உலகம்மை வீட்டு அடுக்களை மணம் வந்ததும் திரும்பி வந்தார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுதுகொண்டு, இன்னும் கொஞ்சம் வை என்று தின்றார்கள். ஆனால் முன்பு ஒரு பெட்டி தின்ற குடும்பத்துக்கு இப்போது ஒரு மிளகாய் போதும். மிச்சம் எல்லாம் செடியிலேயே நின்று, குருவிக்குப் போனது. செடி கேட்டதும் அவ்வளவுதானே. கையால் ஊன்றிய விதை சோம்பிக் கிடக்கும், குருவி போட்ட விதை முண்டிக்கொண்டு வரும் என்று இன்றும் சொல்கிறார்கள்.

பூதப்பன் வீட்டில் மட்டும் மிளகாய் இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தவன் அவன்தானே. ஆற்றங்கரையில் போய்ப் பறிக்கலாம், ஊர் பார்த்துச் சிரிக்குமே. ஊரெல்லாம் கிழங்கைக் கண்ணீரோடு ருசித்துத் தின்ன, அவன் வீட்டில் வெறும் உப்பு. எத்தனை நாள் தாங்குவான்? ஒருநாள் உலகம்மை வீட்டுக்கு வந்தான். பின்பக்கமாக வரவில்லை. வாசலுக்கு வந்தான். 

“உலகம்மே... ஒரு ரெண்டு மிளகாய் தருவியா?”

அவன் வாழ்நாளில் முதல்முறையாக அவளிடம் ஒன்றைக் கேட்டான். உலகம்மை போய் இரண்டு மிளகாய் கிள்ளிக்கொண்டு வந்தாள். பூதப்பன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்த கை. அவள் மிளகாயைக் கீழே, மண்ணில் வைத்தாள்.

“கையில தா பிள்ளே.”

“என் கையில இருந்து ஒரு தடவ எடுத்தாச்சுல்லா அத்தான். இனி மண்ணுல இருந்து எடுங்க.”

“இன்னுமா அதை மனசுல வச்சிருக்கே?”

“வச்சிருக்கேன்” என்றாள் உலகம்மை.

பூதப்பன் நின்று பார்த்தான். அவள் நகரவில்லை. குனிந்து பழக்கமில்லாத முதுகை மெதுவாக வளைத்து, அந்த இரண்டு மிளகாயையும் மண்ணிலிருந்து பொறுக்கிக்கொண்டு போனான்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த வழக்கம். மிளகாயை யாரும் கைக்குக் கை கொடுப்பதில்லை. கீழே வைப்பார்கள், வைத்தவர் கையை எடுத்த பிறகு வாங்குகிறவர் குனிந்து எடுத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டால், கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். பாதிதான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். சண்டை அன்றைக்கே வந்துவிட்டது. அது இன்னும் தீரவில்லை.